புதுப்பிப்பு: மைதீனா, முஹையத்தீனா?

பையனுக்கு அவன் நன்னா (தாத்தா) பேரை எந்த எழுத்துல வைக்கறதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, முடிவாயிடுச்சு. ராயபுரம் ரேஷன் கார்டுல அவர் மைதீன், வீட்டுப் பத்திரத்துல மொகிதீன், கல்யாணப் பத்திரிகையில முகைதீன். ஆளு ஒருத்தர்தான்!

மண்ணடியில ஒரு ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) சொன்னார்: அரபியில முஹ்யித்தீன்னா தீனுக்கு, அதாவது மார்க்கத்துக்கு, உயிர் கொடுத்தவர். பாக்தாத்துல 1166-ல மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியோட பட்டம் அது. இன்னொரு சூஃபி ஞானி இப்னு அரபிக்கும் உண்டு. அவுரங்கசீப்போட இயற்பெயர்லயும் இருக்கு, அதை மாமனார்கிட்ட சொல்லல.

சர்டிபிகேட்ல முஹையத்தீன். கூப்பிட மைதீன்தான், தெருவே அப்படித்தான் கூப்பிடும். பேர் இல்லாம பிறப்பைப் பதிஞ்சவங்க அவசரப்படாதீங்க, ஒரு வருஷத்துக்குள்ள சேர்த்தா கட்டணம் கிடையாது.