‘ஸ்பேர் பார்ட்ஸ்’ மதிப்புரையை முன்வைத்து: ஒலி நாடகத்தையும் படக்கதையையும் மூலத் தொடரை வைத்து எடைபோடலாமா?

செஞ்சை வாசகர்:

நம் காரைக்குடி வாசகர் வட்டத்துக்காக தேவகோட்டை அண்ணன் எழுதிய ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ ஒலி நாடக மதிப்புரையைப் படித்தேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். சைபர்மென் என்னும் இயந்திர மனிதர்கள் தோன்றிய கதையை ‘டாக்டர் ஹூ’ தொடர் 2006இல் வேறு விதமாகச் சொல்லிவிட்டது; ஆகவே 2002இல் வந்த இந்த நாடகம் இனிக் கணக்கில் சேராது என்பதே அவர் சொல்லும் முதன்மையான காரணம். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலத்தில் பயணம் செய்கிற, சாகும் தறுவாயில் உடல் மாறி வேறொரு ஆளாகிவிடுகிற ‘டாக்டர்’ என்ற ஒருவரின் கதையை பிபிசி 1963இல் தொடங்கி 1989இல் நிறுத்தியது. 2005இல் மீண்டும் தொடங்கியது. இடையில் ஆளற்றுக் கிடந்த காலத்தில், 1999இல், பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்து முழு நடிகர் குழுவுடன் ஒலி நாடகங்களை வெளியிட ஆரம்பித்தது. மார்க் பிளாட் எழுதிய ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ அவற்றுள் ஒன்று. மோண்டாஸ் என்ற கோளில் நிலத்துக்கு அடியில் வாழும் மக்கள், பிழைத்திருப்பதற்காகத் தங்கள் உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக இழந்து இயந்திரமாகிப் போவதைச் சொல்லும் நாடகம் அது.

அதில் பாதி மாற்றப்பட்ட நிலையில் இவோன் என்ற பெண் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். வந்திருப்பது யார் என்று தகப்பனுக்குப் புரிகிற அந்த இடத்தில், நமக்குக் கிடைப்பது குரல் மட்டும்தான். 1966இல் சைபர்மென் முதன்முதலில் தொலைக்காட்சியில் தோன்றியபோது, அழுத்தம் விழக்கூடாத இடத்தில் அழுத்தம் விழுந்து, பாட்டுப் போல ஏறி இறங்கும் ஒரு குரல் அவர்களுக்கு இருந்தது. அன்றைக்குச் சற்று விநோதமாகத் தோன்றிய அந்தக் குரலையே இந்த நாடகம் எடுத்துக்கொண்டு, ஒரு மகளின் வாயிலிருந்து அதை வரவைக்கிறது. இரும்பு முகத்தைத் திரையில் கண்டிருந்தால் நாம் முதலில் பயந்திருப்போம். இங்கே பயத்துக்கு முன்னால் துக்கம் வந்துவிடுகிறது. இந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், தொடரோடு பொருந்தவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பது எந்த வகையில் மதிப்புரையாகும்?

தேவகோட்டைக்காரர்:

தம்பி, அந்தக் காட்சி நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஏன் நன்றாக இருக்கிறது என்பதைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். 1966இன் குரலைக் கேட்டவனுக்குத்தானே அந்தக் குரல் மகளின் வாயிலிருந்து வருவதன் கொடுமை முழுவதும் உறைக்கும்? நாடகத்தில் டாக்டருடன் வரும் நிஸ்ஸா, தன் தோழன் அட்ரிக்கை நினைத்துக் கலங்குகிறாள். 1982இல் ‘எர்த்ஷாக்’ கதையில் சைபர்மென்னோடு நடந்த போராட்டத்தில் அவன் உயிர்விட்டதைப் பார்க்காத ஒருவருக்கு அந்தக் கலக்கம் வெறும் தகவலாகத்தான் போய்ச் சேரும். நாடகத்தின் உணர்ச்சி முதலீட்டில் பெரும்பகுதி தொடரிடம் வாங்கிய கடன். கடன் வாங்கிய படைப்பை, கடன் கொடுத்த படைப்போடு சேர்த்துப் பார்ப்பது குற்றமா?

இன்னொன்றும் உண்டு. மதிப்புரை யாருக்காக எழுதப்படுகிறது? நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் புதிய தொடரைப் பார்த்துவிட்டு, அடுத்து எதைக் கேட்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்த நாடகம் தாங்கள் அறிந்த கதையோடு சேருகிறதா, விலகுகிறதா என்பதுதான். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும் ஒலி நாடகங்களில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுக்கும்போது, ‘ஒலி வடிவமைப்பு அருமை’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது பொறுப்பான செயல் ஆகாது.

பள்ளத்தூர் வாசகி:

இருவருமே ஒலி நாடகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். விவாதத் தலைப்பில் படக்கதையும் இருக்கிறது. மூலத்தோடு பொருந்த வேண்டும் என்ற அளவுகோலை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

1964 முதல் ‘டிவி காமிக்’ இதழில் வந்த படக்கதைகளில் டாக்டருடன் ஜான், கில்லியன் என்று இரண்டு பேரப்பிள்ளைகள் சுற்றினார்கள். தொடரில் அப்படி யாருமே கிடையாது. தொடரின் பெரும்புகழுக்குக் காரணமான, டாக்டரின் பகைவர்களான டாலெக்குகளோ அந்த இதழின் தொடக்கக் கதைகளில் கிடையாது. டாலெக்குகளை வெளியிடும் உரிமை ‘டிவி செஞ்சுரி 21’ என்ற வேறொரு இதழிடம் இருந்தது. அந்த இதழோ 1965 முதல் 1967 வரை டாக்டரே இல்லாமல் டாலெக்குகளை மட்டும் நாயகர்களாக வைத்து வண்ணத்தில் ஒரு நீண்ட கதையை நடத்தியது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அங்கே தீர்மானித்தது உரிமை ஒப்பந்தம். இதையெல்லாம் தொடருக்குச் செய்த துரோகம் என்று எழுதுவது வரலாறு அறியாமல் எழுதுவதாகும்.

படக்கதை பின்னால் வந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1980இல் ‘டாக்டர் ஹூ வீக்லி’ இதழில் எட்டு வாரம் வந்த ‘தி ஸ்டார் பீஸ்ட்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பேட் மில்ஸும் ஜான் வாக்னரும் எழுத, டேவ் கிப்பன்ஸ் கறுப்பு வெள்ளையில் வரைந்தது. அதில் அறிமுகமாகும் ஷேரன் என்ற கறுப்பினச் சிறுமி டாக்டரின் பயணத் துணையாகிறாள். தொலைக்காட்சித் தொடர் ஒரு கறுப்பினப் பெண்ணை முழுநேரத் துணையாகக் கொண்டுவந்தது 2007இல், மார்த்தா வந்தபோதுதான். அதே ‘தி ஸ்டார் பீஸ்ட்’ 2019இல் ஒலி நாடகமாகி, 2023 நவம்பரில் தொலைக்காட்சிக்கே வந்தது. கிளை என்று நாம் சொல்வதிலிருந்து அடிமரம் எடுத்துக்கொண்ட கதை இது.

ஓர் உயிரினம் கொழுகொழுவென்று, பெரிய கண்களும் மென்மயிருமாக, எடுத்துக் கொஞ்சத் தோன்றும்படி இருக்கிறது. அதைத் துரத்தி வருபவர்களோ பார்க்கவே கொடூரமாக இருக்கிறார்கள். உண்மையில் கொஞ்சத் தோன்றுகிற மீப் என்ற அந்த உயிரினம்தான் கொடுங்கோலன், துரத்துகிறவர்கள் சட்டத்தின் காவலர்கள். படக்கதையில் இந்த ஏமாற்று வேலை முழுவதையும் ஓவியரின் கோடு செய்கிறது. எச்சரிக்கும் இசை கிடையாது, சந்தேகத்தைக் கிளப்பும் குரல் கிடையாது. கண் நம்புகிறது, அவ்வளவுதான். மதிப்புரையாளர் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை என்றால் கதைச் சுருக்கம் மட்டும்தான் எழுதியிருப்பார். நம் வட்டத்தில் வந்த படக்கதை மதிப்புரைகளில் ஓவியரின் பெயர்கூட இல்லாதவை உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தேவகோட்டைக்காரர்:

ஓவியர் பெயர் குறித்து நீங்கள் சொன்னது நியாயம், ஆச்சி. அதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘தி ஸ்டார் பீஸ்ட்’ 2023இல் ஏன் இத்தனை பேரைச் சென்றடைந்தது? தொடர் அதை எடுத்துத் தன் கதைமாந்தர்களோடு இணைத்ததால். உங்கள் எடுத்துக்காட்டே என் பக்கம் சாய்கிறது.

செஞ்சை வாசகர்:

சென்றடைந்த கூட்டத்தின் அளவும் படைப்பின் தரமும் வேறு வேறு அல்லவா?

கம்பன் கழகம் 1939 முதல் விழா எடுத்துவரும் ஊரில் இருந்துகொண்டு நாம் இதைப் பேசுகிறோம். மிதிலை வீதியில் இராமனும் சீதையும் வில் முறியும் முன்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வான்மீகத்தில் இல்லை. அதற்காகக் கம்பனுக்கு மதிப்பெண் குறைத்த பட்டிமண்டபம் ஒன்றும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூலத்திலிருந்து விலகிய இடத்தில் கவிஞன் என்ன சாதித்தான் என்றுதான் அறிஞர்கள் பேசுகிறார்கள். மார்க் பிளாட்டுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள் என்கிறேன். 2006ஆம் ஆண்டுக் கதையின் பெயர்ப்பட்டியலிலேயே அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். தொடரே நன்றி சொல்லிய நாடகத்தை, தொடரின் பெயரால் நாம் ஒதுக்குவது முறையில்லை.

தேவகோட்டைக்காரர்:

கம்பனை இழுத்ததால் நேராகவே பதில் சொல்கிறேன். வான்மீகத்தை ஒரு சுலோகம்கூட அறியாதவர் கம்பராமாயணத்தை முதலிலிருந்து கடைசிவரை அனுபவிக்க முடியும். பாத்திரம், நிலம், பகை, உறவு எல்லாவற்றையும் கம்பன் தானே கட்டி எழுப்பித் தருகிறான். இந்த ஒலி நாடகங்களில் எத்தனை அப்படித் தம் காலில் நிற்கின்றன? டாக்டர் பயணம் செய்யும் நீலப் பெட்டி என்றால் என்ன, அதற்குள் ஏன் இவ்வளவு இடம், இந்த மனிதர் யார் என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே அவை தொடங்குகின்றன. முழுமையாகத் தனித்து நிற்கும் நாடகம் வரட்டும், தனித்த அளவுகோலால் அளக்கிறேன்.

அளவுகோலையே தூக்கி எறிந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014 ஏப்ரலில் ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமையாளர்கள் அதுவரை வந்த நாவல்களையும் படக்கதைகளையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று ஒதுக்கிவைத்தபோது, பல ஆண்டுகளாக வாங்கிப் படித்தவர்கள் மனம் உடைந்தார்கள். எது கதையின் பகுதி என்பது வாசகருக்கு உயிரான விஷயம். அதை மதிப்புரையாளர் அலட்சியப்படுத்தக் கூடாது.

கண்டனூர் நேயர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘ஸ்டார் வார்ஸ்’ பற்றி வந்ததால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. டாக்டர் ஹூவைப் பொறுத்தவரை எது சேரும், எது சேராது என்று பிபிசி ஒருபோதும் வரையறுத்ததில்லை. பால் மெக்கான் நடித்த எட்டாம் டாக்டர் 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தோடு மறைந்துபோனவர். 2001 முதல் அவரை வளர்த்தது ஒலி நாடகம்தான். 2013இல் வந்த குறும்படத்தில் அவர் இறக்கும் முன், ஒலி நாடகங்களில் மட்டுமே வாழ்ந்த சார்லி, லூசி முதலிய தோழர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறார். அந்த டாக்டருக்கு எதை மூலம் என்பீர்கள், அண்ணே?

1960களின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை படமாக இன்று இல்லை. நாடாக்களை பிபிசியே அழித்துவிட்டது. ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்து வைத்ததால் ஒலி மட்டும் முழுமையாக மிஞ்சியிருக்கிறது. அவற்றை வெளியிட்டபோது, காட்சியை விளக்க ஒருவர் இடையிடையே பேச வேண்டியிருந்தது. ஏனென்றால் அவை கண்ணுக்காக எழுதப்பட்டவை. காதுக்காகவே எழுதப்பட்ட நாடகத்துக்கு அந்த விளக்கக் குரல் தேவைப்படக் கூடாது. ‘அதோ பார், அவன் கையில் துப்பாக்கி, இடப்பக்கக் கதவைத் திறக்கிறான்’ என்று பாத்திரங்கள் தாங்கள் பார்ப்பதையெல்லாம் ஒப்பிக்கிற நாடகம், தொடரோடு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் தோல்விதான். அப்படித் தோற்றவை பிக் ஃபினிஷ் பட்டியலில் இருக்கவே இருக்கின்றன. அவற்றுக்கும் நம் வட்டத்தில் நான்கு மதிப்பெண் விழுந்திருக்கிறது.

ராபர்ட் ஷியர்மேன் எழுதிய ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ 2002இல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு பழைய ஆங்கிலேய மாளிகை, வேலைக்காரர்கள் மட்டும். மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு சாவு, பிறகு எல்லாம் முதலிலிருந்து. நம் பக்கத்துப் பூட்டிய பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டில் அடிக்கும் கடிகாரம் முகப்புவரை கேட்கும்போது வீடே விழித்திருப்பது போலத் தோன்றுமே, அந்த உணர்வின் மேல்தான் முழு நாடகமும் நிற்கிறது. எட்டாம் டாக்டரின் தோழி சார்லி யார் என்று தெரிந்தால் முடிவு இன்னும் ஆழமாகும். ஆனால் தெரியாத என் மனைவி அதை முழுவதும் கேட்டார், நடுவில் எழுந்திருக்கவில்லை.

தேவகோட்டைக்காரர்:

எட்டாம் டாக்டருக்கு ஒலி நாடகமே மூலம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அவருடைய நாடகங்களை அந்த வரிசைக்குள் வைத்து ஒப்பிடுவேன். ஒப்பிடுவதை மட்டும் விடமாட்டேன். ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும்.

அடுத்து ‘ஜூபிலி’ என் பொறுப்பு. ஷியர்மேனே 2003இல் எழுதிய இந்த நாடகத்தில், டாலெக்குகளை வென்றதைக் கொண்டாடும் ஒரு மாற்று இங்கிலாந்து, எஞ்சிய ஒரே டாலெக்கைச் சிறையில் வைத்து வதைக்கிறது. இந்தக் கருவையே அவர் 2005இல் ‘டாலெக்’ என்ற தொலைக்காட்சிக் கதையாக மாற்றி எழுதினார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் எழுதப் போகிறேன்.

செஞ்சை வாசகர்:

எழுதுங்கள் அண்ணே, ஆனால் 2005ஆம் ஆண்டுக் கதையை அடிப்படையாக வைத்து நாடகத்தை அளக்காமல், முதலில் வந்த நாடகத்தை வைத்துத் தொலைக்காட்சிக் கதை எதை இழந்தது என்றும் அளந்து காட்டுங்கள். அந்த மாற்று இங்கிலாந்தின் வெற்றிப் பெருமிதம் முழுவதும் தொலைக்காட்சியில் காணாமல் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு பத்தியாவது வரவில்லை என்றால் நானே எதிர் மதிப்புரை எழுதுவேன்.

பள்ளத்தூர் வாசகி:

‘தி ஸ்டார் பீஸ்ட்’ படக்கதைக்கு நான் எழுதுகிறேன். டேவ் கிப்பன்ஸின் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக, மீப்பின் முகம் எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்று பார்க்கப் போகிறேன். 2023ஆம் ஆண்டு ஒளிபரப்பைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி இருக்கும். நீளம் கருதிப் பக்க ஆய்வை வெட்ட வேண்டாம் என்று தொகுப்பாளரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். வெட்டுவதானால் அந்த இரண்டு வரியை வெட்டட்டும்.