குவெட்டில் ஒட்டும் லைசோசைம்: பூச்சு அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். கோழிமுட்டை லைசோசைம் என்ற புரதம் கண்ணாடியில் ஒட்டி என் அளவீடுகளைக் கெடுக்கிறது.

செறிவு 1 மைக்ரோமோலார், 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4, குவார்ட்ஸ் குவெட் (ஒளி அளவீட்டுக்கான சிறு கலம்). 295 நானோமீட்டரில் தூண்டி, புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வைப் பார்க்கிறேன். அரை மணிக்குள் சிக்னல் இறங்கிவிடுகிறது. குவெட்டைக் காலிசெய்து வெறும் பஃபர் ஊற்றினாலும் 340 நானோமீட்டர் பக்கம் ஒளிர்வு மேடு தெரிகிறது. ஷட்டரை மூடிவைத்தும் அதே இறக்கம்தான், எனவே ஒளிச்சிதைவு அல்ல. இந்தப் புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (நிகர மின்னேற்றம் சுழியாகும் பிஎச்) கிட்டத்தட்ட 11, நடுநிலையில் நேர்மின்னேற்றம். குவார்ட்ஸ் பரப்போ எதிர்மின்னேற்றம். காரணம் புரிகிறது, தீர்வுதான் கிடைக்கவில்லை.

உப்பை 500 மில்லிமோலாருக்கு ஏற்றினால் ஒட்டுவது குறைகிறது. ஆனால் அடுத்து எதிர்மின் லிபோசோமுடன் (கொழுப்புப் படலத்தாலான நுண்குமிழி) பிணைப்பை அளக்க வேண்டும். அவ்வளவு உப்பில் அந்தப் பிணைப்பே தளர்ந்துவிடும். லிபோசோமைக் குலைக்கும் என்பதால் ட்வீன் 20 என்ற சோப்பு போன்ற பொருள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின் புரதம்) பூசினால் அதன் டிரிப்டோஃபானும் சேர்ந்து ஒளிர்கிறது. டைகுளோரோடைமெத்தில்சிலேன் பூச்சால் பெரிய மாற்றமில்லை. அது தரும் நீர்வெறுக்கும் பரப்பிலும் புரதம் படியத்தான் செய்கிறது. சேமிப்புக்கு மட்டும் கண்ணாடிக் குப்பியை விட்டு, புரதம் ஒட்டாத வகை பாலிபுரொப்பிலீன் குழாய்க்கு மாறிவிட்டேன், அது பரவாயில்லை.

குவார்ட்ஸ் குவெட்டில் பின்னணி ஒளிர்வு கூடாமல், பல கழுவல்களுக்குத் தாங்கும்படி பெக்-சிலேன் (பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைத்த சிலேன்) பூசியவர்கள் அதை எந்த முறையில் செய்தீர்கள்?