மைனஸ் 20 டிகிரியில் பெடல் சும்மா சுற்றுகிறது, லென்ஸ் மங்குகிறது: உதவி தேவை

கேள்வி (ஊலு, பின்லாந்து):
வணக்கம். இந்த ஊரில் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன்; கேமராவும் கூடவே வரும். டிசம்பரில் சூரியன் பத்தரை மணிவாக்கில் எழுந்து இரண்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறது. வானம் இளஞ்சிவப்பாகும் அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் நாளெல்லாம் ஓடுகிறது.

சைக்கிள் இரவில் வீட்டுக்குள் நிற்கும். காலையில் கிளம்பியதும் நன்றாகவே ஓடும். சிறிது தூரம் போய் ஒரு சிக்னலில் நின்று மறுபடி மிதித்தால் பெடல் மட்டும் சுற்றுகிறது, பின்சக்கரம் அசைவதில்லை. செயின் கழலவில்லை.

கேமராவிலும் தொல்லை. ரோவன் மரத்தில் வேக்ஸ்விங் பறவைக் கூட்டம் பழம் தின்றுகொண்டிருந்தது. இறக்கை நுனியில் அரக்குப் பொட்டு வைத்தது மாதிரி அந்தச் சிவப்புகூடத் தெரியும் அளவுக்கு அருகில். காபிக் கடையிலிருந்து வெளியே வந்து எடுத்த படங்கள் அத்தனையும் மங்கல். 60 சதவீதம் காட்டிய பேட்டரியும் சட்டென்று அணைந்துவிட்டது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில் 1 (ரோவனியெமி, பின்லாந்து):
பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பெடலை அசையாமல் பிடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ சத்தம் இல்லையென்றால் ஃப்ரீவீலுக்குள் இருந்து, மிதிக்கும்போது சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் சிறு கொக்கிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சாதாரண கிரீஸ் கடுங்குளிரில் கெட்டியாகும். கொக்கியைத் தள்ளும் ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் கிடையாது. உள்ளே ஈரமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, தாழ்வெப்பநிலை கிரீஸை மிக மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். குளிர்காலச் சைக்கிள் மாநாடு 2013-இல் முதன்முதலாக நடந்ததே உங்கள் ஊரில்தான். அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு இது பழகிய வேலை.

பதில் 2 (ட்ரொம்சோ, நார்வே):
கிரீஸை மாற்றுங்கள், நல்லதுதான். ஆனால் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்பேன். சைக்கிளையும் கேமராவையும் கெடுப்பது குளிர் மட்டுமல்ல, வெப்பத்துக்கும் குளிருக்கும் இடையிலான போக்குவரத்து. குளிர்ந்த உலோகம் வீட்டுக்குள் வந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது, ஒட்டியிருந்த பனியும் உருகி இடுக்கில் இறங்குகிறது. மறுபடி வெளியே போனதும் எல்லாம் உறைகிறது. முதலில் நன்றாக ஓடிப் பிறகு நிற்பது அதனால்தான்.

கேமராவைக் கடைக்குள் கொண்டுபோகும் முன், வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். நீர் பையின்மேல் படியும், லென்ஸின்மேல் அல்ல. வீட்டிலும் அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். படங்களை உடனே பார்க்க வேண்டுமென்றால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி செத்துப்போகவில்லை, குளிரில் மின்சாரம் தரத் திணறுகிறது. ஒன்றை உள்சட்டைப் பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் உதிப்பதே இல்லை. கிடைக்கும் நீல வெளிச்சத்தை லென்ஸ் துடைத்தே கழிக்க மனம் வராது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் சைக்கிளை வெளியே விட்டுவிடலாமா? பிரேக் ஒயர் உறையாதா?

பதில் 2:
தாராளமாக விடலாம், சூடேற்றாத கொட்டகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒயர் உறைவதும் உள்ளே புகுந்த நீரால்தான். ஒருமுறை வீட்டுக்குள் நன்றாகக் காயவைத்து, குழாய்க்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, பிறகு குளிரிலேயே வைத்திருங்கள்.

பதில் 3 (ரோவனியெமி):
ஆணி பதித்த டயர் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பனிப் படங்கள் சாம்பல் பூத்தால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டுங்கள். வெண்மையைக் கண்டதும் கேமரா தானாக இருட்டாக்கிவிடும்.

கேட்டவர்:
சைக்கிள் இரவெல்லாம் கொட்டகையில் நின்றது. கிரீஸும் மாற்றியாயிற்று. இன்று சிக்னலில் நின்று மிதித்ததும் சக்கரம் பிடித்துக்கொண்டது. பை வைத்தியத்தை வேக்ஸ்விங் கூட்டம் திரும்பி வந்ததும் பார்க்க வேண்டும். அந்த ரோவன் மரத்தில் இன்னும் பழம் இருக்கிறது.