அப்பாவுடன் மல்லுக்கட்டி விளையாடினால் பிள்ளை முரடனாகிவிடுவானா?

கேள்வி:
என் கணவர் வேலை முடிந்து வந்ததும் எங்கள் நான்கு வயது மகனை மெத்தையில் உருட்டிப் புரட்டி மல்லுக்கட்டுகிறார். அவன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். ஆனாலும் மற்ற பிள்ளைகளிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்வானோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். தந்தையுடனான இத்தகைய விளையாட்டு, புதியதைத் துணிந்து முயலக் குழந்தையைத் தூண்டுகிறது என்று கனடா உளவியலாளர் டேனியல் பாக்கெட் 2004-இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். உற்சாகத்தின் உச்சத்திலும் கடிக்காமல், உதைக்காமல் தன்னை அடக்கிக்கொள்ளக் குழந்தை பழகுவது இங்கேதான். ஆனால் கடிவாளம் அப்பாவின் கையில் இருக்க வேண்டும். "போதும்" என்று பிள்ளை சொன்ன கணமே அவர் விட்டுவிட வேண்டும்.

மறுமொழி 2:
முகத்தைக் கவனியுங்கள். விளையாட்டுச் சண்டையில் முகம் மலர்ந்திருக்கும், கீழே விழுந்தவன் மறுபடியும் ஓடி வருவான். உண்மையான சண்டையில் தாடை இறுகும், பிறகு விலகிப்போவான். கிச்சுகிச்சு மூட்டும்போது மட்டும் சிரிப்பை நம்ப வேண்டாம், ஏனெனில் பிடிக்காதபோதும் அது தானாக வரும்.

மறுமொழி 3:
கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. வேகமாகக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். உங்கள் மகனின் வயதிலும், கையைப் பிடித்துச் சுழற்றினால் முழங்கை மூட்டு பிசகக்கூடும் என்பதால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.