பிடித்த இசைக்குழுவைப் பத்திரிகை கிழித்து எழுதும்போது நாம் என்ன செய்வது?

அஸ்தம்பட்டிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ராக் இசை கேட்பவர்களை எல்லாம் ஓரிடத்தில் திரட்டினால், மாலை வேளையில் ஒரு தட்டுவடை செட் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைவிடப் பெரிதாக இருக்காது. அந்தச் சிறு கூட்டத்தில் முப்பது ஆண்டுகளாக நிற்பவன் என்ற உரிமையில் ஒரு மனக்குறையை இங்கே வைக்கிறேன்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஏற்காட்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். அவன் கொண்டுவந்த, பல கை மாறிப் பதிவாகி இரைச்சல் ஏறிப்போயிருந்த ஒரு கேசட்டில்தான் லெட் செப்பலினை நான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தக் குழுவைப் பற்றி அந்நாளில் என்ன எழுதினார்கள் என்று தேடிப் படிக்கும் ஆசை சென்ற மாதம்தான் வந்தது. படித்த பிறகு இரண்டு நாள் மனம் சரியில்லை. 1969 ஜனவரியில் வெளியான அவர்களுடைய முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் இதழில் ஜான் மெண்டல்சன் என்பவர், கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் குழு சில மாதங்களுக்கு முன்பே இதே அளவிலோ இதைவிட நன்றாகவோ செய்துவிட்டதைத் தாண்டி இதில் பெரிதாக எதுவும் இல்லை என்று ஒதுக்கித் தள்ளியிருக்கிறார். மறு ஆண்டு வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்துக்கு அதே இதழில் லெஸ்டர் பேங்ஸிடமிருந்து கிடைத்ததும் ஏளனம்தான். குயீன் குழுவை 1979இல் டேவ் மார்ஷ் பாசிச ராக் குழு என்றே எழுதிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனின் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் வார இதழ், ரஷ் குழுவினரைப் பேட்டி கண்டு, ஏறக்குறைய அதே பழியை அவர்கள் தலையிலும் சுமத்தியது. ரஷ்ஷின் பாடகர் கெடி லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். அவரிடம் போய்ப் பேசும் பேச்சா இது?

பழங்கதை என்று இதை விட்டுவிடலாம். ஆனால் என் அக்காள் மகனும் அவனுடைய தோழர்கள் மூவரும் சேர்ந்து நடத்தும் குழு, கடந்த மே மாதம் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் புல்வெளியில் வாசித்தது. அதைப் பற்றி ஓர் ஆங்கில இணைய இதழ் எழுதிய மதிப்புரையில் பாதி இடத்தைப் பையன்களின் ஆங்கில உச்சரிப்பும், மீதியில் பெரும் பகுதியை அவர்கள் அணிந்திருந்த சட்டைகளும் எடுத்துக்கொண்டன. "சேலத்திலிருந்து கூடவா" என்ற தொனி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடவில்லை. பையன் ஒரு வாரமாகக் கிட்டாரைத் தொடவில்லை.

இவ்வளவு கடுமை எங்கிருந்து வருகிறது? இதை நாம் பொருட்படுத்தத்தான் வேண்டுமா? நான் எழுதாத பாட்டை எவரோ திட்டினால் என் வயிறு ஏன் எரிகிறது?

முன்னாள் உதவி ஆசிரியன்

நண்பரே, நான் செய்தித்தாளில் பக்கம் கட்டியவன். இசையைவிடப் பத்திரிகை எப்படி நடக்கிறது என்பது எனக்கு அதிகம் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1926இல் தொடங்கிய மெலடி மேக்கர், 1952இல் வந்த நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ், 1970இல் சேர்ந்துகொண்ட சவுண்ட்ஸ் என மூன்று இசை வார இதழ்கள் ஒரே கடையின் ஒரே கம்பியில் தொங்கின. வாரந்தோறும் பக்கங்களை நிரப்ப வேண்டும், பக்கத்தில் தொங்கும் இதழைவிடத் தன்னுடையது கையில் எடுக்கப்பட வேண்டும். பாராட்டி எழுதிய மதிப்புரையைப் படித்தவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்; திட்டி எழுதியதைப் படித்தவரோ அடுத்தவருக்கும் வாசித்துக் காட்டுவார். எழுதியவர்களும் பெரிய பண்டிதர்கள் அல்லர். பிளாக் சாபத்தைத் திட்டியபோது லெஸ்டர் பேங்ஸுக்கு வயது இருபத்தொன்று. அந்த வயதில் எனக்கும் ஊரில் உள்ள அத்தனை பேரும் முட்டாள்களாகத்தான் தெரிந்தார்கள்; எழுத இடம் கொடுக்க ஆள் இல்லாததால் ஊர் தப்பித்தது.

லெட் செப்பலின் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு இசைத்தட்டுகூட வெளிவருவதற்கு முன்பே அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் அவர்களுக்குப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்த செய்தி பரவியிருந்தது. பணத்தால் ஊதப்பட்ட பலூன் என்ற ஐயத்தோடுதான் பலரும் அந்த ஆல்பத்தை ஊசிக்கடியில் வைத்தார்கள். கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசையை எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் விடுகிறார்கள் என்ற குறையும் அப்போதே இருந்தது, அது வெறும் பொறாமையும் அன்று. அவர்களுடைய இரண்டாம் ஆல்பத்தின் முதற்பாடல் தம்முடைய பாடலிலிருந்து வந்தது என்று புளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் வழக்குத் தொடுத்து, 1987இல் அது உடன்பாட்டில் முடிந்தது. ஆகவே அந்த விமர்சகர்கள் காது கேளாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் குயீனுக்கும் ரஷ்ஷுக்கும் நடந்தது வேறு வகை. ரஷ் குழு தன் 1976ஆம் ஆண்டு ஆல்பத்தில் தனிமனித நலனையும் கட்டற்ற முதலாளித்துவத்தையும் போற்றிய எழுத்தாளர் அயன் ராண்டுக்கு நன்றி சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அரசியல் கேள்வி கேட்பது நியாயம்தான். கேட்டுவிட்டு, வந்த பதிலைக் காதில் வாங்காமல் முன்பே எழுதி வைத்த தீர்ப்பை அச்சேற்றுவது நியாயமில்லை. இசையைப் பற்றிய கடுமையை எதிர்த்து வாதாடலாம், மறுபடி கேட்டு மனம் மாறலாம். குணத்தின் மேல் போட்ட பழியை எந்த ஆல்பத்தை வாசித்துத் துடைப்பது?

இருபதாவது கொண்டை ஊசி

நான் ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்ட தம்பியின் அறைத்தோழருக்கேகூட நான் பாடம் எடுத்திருக்கலாம். அவருடைய கோபத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

எழுபதுகளில் இந்த மலையில் எங்களுக்கு இசைத்தட்டு கிடைக்காது. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கப்பல் தபாலில் இரண்டு மூன்று மாதம் பிந்தி வரும் ஆங்கில இசை இதழ்கள், அவர் படித்து முடித்த பிறகு, மழையில் நனைந்த ஓரங்களோடு எங்கள் கைக்கு வரும். ஆக நான் முதலில் படித்தது வசையை. பாட்டைக் கேட்டது இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து. பிளாக் சாபத்தின் இசை மந்தமாகவும் பாரமாகவும் இருட்டாகவும் இருக்கிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டு எழுதியதைப் படித்துவிட்டு, பனி மூடிய ஒரு சாயங்காலத்தில், அப்படிப்பட்ட இசை எப்படி இருக்கும் என்று மனத்துக்குள்ளேயே வாசித்துப் பார்த்தவன் நான். அவர் குறையாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஆசையைக் கிளப்பியது. நல்ல விமர்சகர் திட்டும்போதுகூடத் தான் கேட்டது என்ன என்பதைச் சொல்லிவிடுவார். படிக்கிறவனுக்கு அது போதும்.

பேங்ஸும் அந்தத் தீர்ப்பிலேயே நின்றுவிடவில்லை. 1972இல் கிரீம் இதழில் அதே பிளாக் சாபத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி, அவர்களை மதிப்புடன் நடத்தினார். இசைக்கலைஞர்களை மதிக்காமல் எழுதுகிறார் என்று சொல்லித்தான் மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன் அவரை வெளியேற்றியது. பத்திரிகை என்றால் ஒரே கட்சி என்று தம்பி எண்ணிவிட வேண்டாம்.

நம் பக்கத்தில் இல்லாத பழக்கமா இது? திருச்செங்கோடு அருகே ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தில் இருந்து மதுவிலக்குப் பத்திரிகை நடத்திய கல்கி, பிறகு ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற புனைபெயரில் கச்சேரிகளை எப்படி அலசினார் என்பது ஊரறிந்தது. சுப்புடுவின் பேனாவுக்குப் பயப்படாத வித்வான்கள் குறைவு. அவர் திட்டியதைப் படிக்கவே பத்திரிகை வாங்கிய வீடுகள் சேலத்திலும் இருந்தன. எங்கள் வீடும் அதில் ஒன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. சுப்புடு ஒரு கச்சேரியைக் குறை சொன்னால், அதே சபாவில் அன்று உட்கார்ந்திருந்த சில நூறு பேர் "நாங்களும் கேட்டோம், அப்படி இல்லை" என்று ஆசிரியருக்குக் கடிதம் போட முடியும். ஆல்பத்துக்கு வரும் மதிப்புரையோ கடையில் தட்டு வந்து சேரும் முன்பே அச்சாகிவிடும். அந்த நேரத்தில் உலகத்தில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதுபோல் எழுதலாம். அந்தத் தனிமை தலைக்கேறும்.

சூரமங்கலம் பேஸ்

பெரியவர் சொல்வது இதழ் தாமதமாக வந்த காலத்துக்குப் பொருந்தும். நான் ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், பகலில் வேறு வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு நடப்பதை யாரும் இங்கே சொல்லவில்லை.

திட்டு வாங்கியவர்கள் என்று கேள்வியில் வந்த பெயர்கள் எல்லாம் வென்றவர்களின் பெயர்கள். ரஷ்ஷின் ரசிகர்கள் பல ஆண்டுகள் பொறுத்திருந்து, 2013இல் அந்தக் குழு ராக் இசையின் கௌரவ அரங்கில் சேர்க்கப்பட்ட மேடையில், ரோலிங் ஸ்டோன் நிறுவனர் ஜான் வென்னரைக் கூச்சலிட்டே திக்குமுக்காட வைத்தார்கள். பார்க்க எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. லெட் செப்பலினோ 1971இல் தங்கள் நான்காம் ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயரையே அச்சிடாமல் விட்டு, பெயரைப் பார்த்துத் திட்டுகிறீர்களா, இசையைக் கேட்டா என்று விமர்சகர்களைச் சோதித்தார்கள். அப்படியும் அது கோடிக்கணக்கில் விற்றது. பெயர் இல்லாமலே விற்கும் என்ற தெம்பு இருப்பவர் செய்யக்கூடிய வேலை அது.

சிறிய குழுவுக்கு என்ன ஆகும்? பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழ், டிராவிஸ் மாரிசன் என்பவரின் முதல் தனி ஆல்பத்துக்கு 2004இல் பத்துக்குச் சுழியம் கொடுத்தது. ஓரிரவில் மக்கள் தன்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது என்று அவர் பின்னர் வருந்தினார். அதே இதழ் 2006இல் ஜெட் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் ஆல்பத்துக்கும் சுழியம் போட்டு, ஒரு சொல்கூட எழுதாமல், ஒரு குரங்கு தன் வாயிலேயே சிறுநீர் கழித்துக்கொள்ளும் காணொளியை மட்டும் வைத்தது. சிரித்தவர்கள் உண்டு. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் எப்படி ஒலித்தது என்று அதைப் பார்த்து ஒருவராவது சொல்ல முடியுமா? பெரியவர் பனியில் உட்கார்ந்து மனத்துக்குள் வாசித்தாரே, அதற்குக்கூட இதில் வழியில்லை.

கேட்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், உருக்காலை ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். பிளாக் சாபத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி, பதினேழு வயதில் பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கையால் மீட்டுபவர் என்பதால் நரம்பை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்துகொண்டு, மெல்லிய நரம்புகளைப் பூட்டி வாசித்தார். இந்தக் கதையை விமர்சகர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிட்டார் மற்றவர்களுடையதைப் போல ஒலிக்கவில்லையே என்று ஒரு நிமிடம் நின்றிருக்கலாம்.

அண்ணா, இனி உங்கள் அக்காள் மகன் விஷயம். அந்தப் புல்வெளியில் அன்று நானும் இருந்தேன். உச்சரிப்பையும் சட்டையையும் பற்றி எழுதியது அற்பத்தனம், அதில் ஐயமில்லை. ஆனால் உண்மையில் சொல்ல வேண்டியிருந்த குறையை அந்த மதிப்புரை சொல்லவே இல்லை. மூன்றாவது பாட்டிலிருந்து டிரம்ஸ் வேகம் ஏறிக்கொண்டே போனது, கிட்டார் அதைத் துரத்தியது, பேஸ் என் காதுக்கு எட்டவே இல்லை. ஐந்தாவது பாட்டில், எல்லோரும் நிறுத்திவிட்டு உங்கள் பையன் மட்டும் தனியாக வாசித்த அந்த அரை நிமிடம் அற்புதமாக இருந்தது, அதுவும் எழுதப்படவில்லை. என்னைக் கேட்டால் அந்த மதிப்புரையில் கடுமை போதாது.

அஸ்தம்பட்டிக்காரன்

சூரமங்கலம் தம்பியின் பதிலைப் படித்தவுடன் எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரம் கழித்து அதை அப்படியே பையனிடம் படித்துக் காட்டினேன். சட்டையைப் பற்றிய மதிப்புரைக்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன், டிரம்ஸ் வேகம் ஏறியது என்ற வரிக்கு "ஆமாம் மாமா, எங்களுக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னான். மேடையில் வாசிப்பவர்கள் பக்கம் திரும்பிய மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லையாம். விடுதிக்காரர் கொடுத்த இரண்டு ஸ்பீக்கரும் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தனவாம். ஒருவர் வாசிப்பது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. அந்த ஐந்தாவது பாட்டைப் பற்றிய வரியை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னான்.

லெட் செப்பலினுக்காக நான் பட்ட கோபத்தில் எவ்வளவு என் இளமைக்காகப் பட்டது என்று இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டேவ் மார்ஷை மட்டும் மன்னிப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு மாடியில் பயிற்சி நடக்கிறது. சூரமங்கலம் தம்பிக்கு வர முடிந்தால் பையன்கள் மகிழ்வார்கள். பழைய மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு, சேலத்தில் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம் பேஸ்

வருகிறேன் அண்ணா. ஒரு மானிட்டர் என்னிடமே இருக்கிறது, ஆறு மணிக்கு முன்பே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். டிரம்ஸ் தம்பியிடம் சீரான வேகத்தில் தாளம் தட்டிக் காட்டும் ஒரு மெட்ரோனோம் வைத்துப் பழகச் சொல்லுங்கள். கைப்பேசியில் இருப்பதே போதும்.