டெக் ஷீட் ஓர ஆங்கிள் ஜாயிஸ்டில் உட்காரவில்லை: இழுத்து வெல்ட் அடிக்கலாமா?

தங்கச்சிமடம் வெல்டர்:
பாம்பனில் ஒரு கருவாட்டுக் கிடங்குக்கு மேல் மாடி போடுகிறோம். மாடியைத் தாங்குகிற ஜாயிஸ்ட் (ஆங்கிள் கோத்த இரும்பு உத்தரம்) 6 மீட்டர், அதன் மேல் சட்டமான டாப் கார்டு இரட்டை 50x50x5 ஆங்கிள். கான்கிரீட்டுக்கு அடியில் விரிக்கிற மடிப்புத் தகடான டெக் ஷீட்டோடு சேர்த்து கான்கிரீட் 125 மில்லி. ஓரத்தில் கான்கிரீட் வழியாமல் இருக்க 125x75x6 ஆங்கிளை, பெரிய கை மேலே பார்க்க நிறுத்தவேண்டும். ஜாயிஸ்ட் நடுவில் 6 மில்லி கேம்பரோடு (மேல்பக்க வளைவோடு) வந்திருக்கிறது, ஆங்கிளோ நூல் பிடித்த மாதிரி நேர். தூக்கி வைத்தால் நடுவில் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கிறது. சந்து வழியே கடல் தெரிகிறது! கிளாம்ப் போட்டு இழுத்து அடி என்கிறார் ஓனர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓட்டை போட்டு போல்ட் முடுக்கலாமா?

தொண்டி பட்டறை:
தம்பி, இழுக்காதே. 125 மில்லி நிற்கிற ஆங்கிள் லேசில் வளையாது. அதோடு மல்லுக்கட்டினால் டாப் கார்டுதான் நெளியும். ஓட்டையும் வேண்டாம், பாரம் தாங்குகிற இரும்பில் சதை குறையும்.

ஆங்கிளை மூன்று மூன்று மீட்டராக வெட்டு. நீளம் பாதியானால் சந்து கால்வாசியாகும். 6 மில்லி இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிதான் இருக்கும், அதை வெல்டே மூடிக்கொள்ளும். வெட்டின இணைப்பு வெப் ஆங்கிள் (ஜாயிஸ்டின் மேல், கீழ் சட்டங்களை இணைக்கிற நடு ஆங்கிள்) வந்து சேருகிற முடிச்சுக்கு மேல் வரட்டும். இணைப்பை ஒட்டாமல் 3 மில்லி விட்டுவிடு. சிமெண்ட் பால் ஒழுகாமல் உள்பக்கம் டேப் ஒட்டினால் போதும். ஈரக் கான்கிரீட் ஏறினதும் ஜாயிஸ்ட் கொஞ்சம் இறங்கும், அதுக்கும் இடம் வேண்டுமில்லையா?

வெல்ட் 300 மில்லிக்கு ஒன்று, 25 மில்லி நீளம். 12 கேஜ் வெல்டிங் ராடு. கார்டு 5 மில்லிதான், ஆம்பியரை ஏற்றினால் ஓட்டை விழும். வரிசையாக அடித்துக்கொண்டு போகாமல் ஒரு முனை, மறு முனை, அப்புறம் நடு என்று தாவித் தாவி அடி.

மண்டபம் சைட்காரன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆங்கிளை ஷீட்டுக்கு மேல் வைத்து அடிக்காதீர்கள், ஷீட் பொத்தலாகும், துத்தநாகப் புகை வேறு. நேரே கார்டு இரும்பிலேயே பிடியுங்கள். ஆங்கிளின் மேல் விளிம்பிலிருந்து ஷீட்டுக்கு 600 மில்லிக்கு ஒரு பட்டை கட்டுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் தள்ளி ஓரம் வயிறு வைக்கும்.

விட்டு விட்டு அடித்த வெல்டுக்கு நடுவில் இருக்கிற சந்துதான் நம் ஊரில் எமன். காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) துருவைச் சோதிக்க மண்டபத்தில் இரும்பை வெயிலில் காயப்போட்டிருப்பது சும்மாவா? வெளிப்பக்கம் முழு நீளத்துக்கும் பியூ சீலன்ட் (பாலியூரித்தேன் அடைப்புப் பசை) அடைத்துவிடுங்கள். வெல்ட் அடித்த அன்றே கம்பி பிரஷ் தேய்த்து ஜிங்க் பிரைமர் அடியுங்கள். ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் பூசினது மாதிரி இருக்கும்.

தங்கச்சிமடம் வெல்டர்:
நன்றி அண்ணே. இரண்டாக வெட்டியாச்சு. முதல் துண்டு வைத்துப் பார்த்தேன், முனையில் ஹேக்ஸா பிளேடு ஒன்று நுழைகிறது, இரண்டாவது நுழையவில்லை. ஓனர் சீலன்ட் காசுக்கு முனகுகிறார். கிடங்குக்குள் கூட்டிப்போய், நாலு வருஷத்துக்கு முன்னால் போட்ட பழைய ஏணிப்படியின் அடி ஆங்கிளைக் காட்டினேன். விரலால் தட்டினதும் ஏடு ஏடாக உதிர்ந்தது. நாளைக்கு ராமநாதபுரம் போய் 10 டியூப் வாங்கி வா என்கிறார்.