புதுப்பிப்பு: ஏ.இ.எம்.டி-யிலேயே சேர்ந்துட்டேன்

இ.எம்.டி (ஆம்புலன்ஸ்ல அடிப்படை அவசர உதவி செய்யுறவங்களுக்கான படிப்பு) முடிச்சாச்சு, நேரா பாராமெடிக் (அதுல மேல்நிலை) போகலாமா, நடுவுல ஏ.இ.எம்.டி (ரெண்டுக்கும் இடைப்பட்ட நிலை) படிக்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி. ஏ.இ.எம்.டி-யிலேயே சேர்ந்துட்டேன்.

காரணம் இதுதான். அமெரிக்காவுல நான் இருக்கிற கிராமப்புற கவுண்டியில (மாவட்டம் மாதிரி) பாராமெடிக் வந்து சேரவே நேரமாகும். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறவருக்கு வாய்வழியா குளுக்கோஸ் கொடுக்கக் கூடாது, புரையேறிடும். ஏ.இ.எம்.டி-ன்னா ரத்தக்குழாயில டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏத்தலாம். ரத்தக்குழாய் கிடைக்கலைன்னா தசையில குளுக்ககான் (ரத்தத்துல சர்க்கரையைக் கூட்டுற மருந்து) ஊசி போடலாம். அந்த ஒரு வித்தியாசம் எனக்குப் போதும்.

இப்போ வகுப்புல ஐ.வி (ரத்தக்குழாயில ஊசி ஏத்துறது) பயிற்சிதான் ஓடுது. ஊசியோட பின்பக்கம் ரத்தம் தெரிஞ்சதும் பிளாஸ்டிக் குழாயை உடனே தள்ளிடக் கூடாது. ஊசிமுனை குழாயைவிடக் கொஞ்சம் முன்னாடி நீட்டிட்டு இருக்கும். கோணத்தைத் தாழ்த்தி, இன்னும் துளி உள்ளே நகர்த்தி, அப்புறம்தான் குழாயைச் சறுக்கிவிடணும். ஊசியை உருவுறதுக்கு முன்னாடி கையில கட்டின பட்டையை அவிழ்த்துடணும்.

செய்முறைத் தேர்வு பத்தி ஒருத்தர் கேட்டிருந்தீங்க. நேஷனல் ரெஜிஸ்ட்ரி (இந்தப் படிப்புகளுக்குத் தேர்வு வெச்சுச் சான்று தர்ற அமெரிக்க அமைப்பு) 2024 ஜூலையிலிருந்து அதை ஏ.இ.எம்.டி-க்கு நீக்கிட்டாங்க. இப்போ கணினித் தேர்வுலயே நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கிற மாதிரி கேள்விகள் வருது. செய்முறைத் திறமையைப் பயிற்சி நிலையம்தான் சோதிச்சுச் சான்று கொடுக்கணும். அதனால ஆய்வகத்துல அதிக நேரம் தர்ற இடமாப் பார்த்துச் சேருங்க, ப்ளீஸ்.

மூச்சுக்குழாயில டியூப் போடுறது மாதிரியான வேலைகள் இன்னமும் பாராமெடிக் வேலைதான். அடுத்து அவசர சிகிச்சைப் பிரிவுல பயிற்சி.